டென்னிஸில் மட்டும் ஏன் தாத்தா டீம் இல்லை?



இது கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். கடைசியில் பரீட்சை எதுவும் வைக்க மாட்டேன்.

போன வாரம் என் தங்கை பேரன் வீட்டுக்கு வந்திருந்தான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். கையில் செல்போனை வைத்துக்கொண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஸ்குவாஷ் ஆடவர் அணி இறுதி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய ஆட்டம். அது முடிந்ததும் என்னிடம் கேட்டான்: "தாத்தா, ஸ்குவாஷ்ல டீம் இருக்கு, பேட்மிண்டன்ல இருக்கு, டேபிள் டென்னிஸ்ல இருக்கு. டென்னிஸ்ல மட்டும் ஏன் டீம் இல்லை?"

"இருந்ததுடா, எடுத்துவிட்டார்கள்" என்றேன். "ஏன் எடுத்தாங்க?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவன் கேட்டதிலிருந்து என் மனதில் பழைய உறுத்தல் ஒன்று கிளம்பிவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் டென்னிஸ் கதை.

ஆசிய விளையாட்டில் டென்னிஸ் ஆடவர் அணிப் பிரிவு பல பத்தாண்டுகள் நடந்தது. கடைசியாக நடந்தது 2014-ல், தென் கொரியாவின் இஞ்சியோனில். அதில் கஜகஸ்தான் தங்கம் வென்றது. 2018 ஜகார்த்தாவில் அந்தப் பிரிவு இல்லை. ஹாங்சோவிலும் இல்லை. ஆடவர் ஒற்றையர், மகளிர் ஒற்றையர், இரண்டு இரட்டையர், ஒரு கலப்பு இரட்டையர், ஆக ஐந்தே தங்கம். ஆடவர் அணி, மகளிர் அணி இரண்டும் சத்தமில்லாமல் போய்விட்டன. நம் ஊரில் யாரும் பெரிதாகக் கேட்டதாகவும் தெரியவில்லை. எனக்கே பேரன் கேட்ட பிறகுதான் உறைத்தது.

நமக்கு அதனால் என்ன என்று கேட்பவர்கள் 1994-ஐ நினைத்துப் பாருங்கள். ஹிரோஷிமா ஆசிய விளையாட்டு. அந்த முறை இந்தியா வாங்கிய மொத்தப் பதக்கங்கள் 23. அதில் தங்கம் நான்கே நான்கு. ஒன்று கபடி. ஒன்று துப்பாக்கி சுடுதலில் ஜஸ்பால் ராணா. மீதி இரண்டும் டென்னிஸ். லியாண்டர் பயஸும் கௌரவ் நடேகரும் இரட்டையரில் ஒரு தங்கம் வென்றார்கள். ஆடவர் அணி இன்னொரு தங்கம் வென்றது. இவ்வளவு பெரிய தேசத்தின் தங்கத்தில் சரிபாதி டென்னிஸ் கோர்ட்டிலிருந்து வந்தது. அதிலும் ஒன்று, இன்றைக்கு இல்லாமல் போன அந்த அணிப் பிரிவில்.

பயஸுக்கு அப்போது வயது 21. சென்னையில் அமிர்தராஜ் குடும்பத்தார் நடத்திய பயிற்சி மையத்தில் வளர்ந்த பிள்ளை. அப்பா 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹாக்கி அணியில் ஆடியவர். ஹிரோஷிமாவில் ஒற்றையரில் பயஸுக்கு வெண்கலம்தான் கிடைத்தது. இரண்டே வருஷத்தில் அட்லாண்டா ஒலிம்பிக் ஒற்றையரில் வெண்கலம் வாங்கினார். 1952-க்குப் பிறகு தனிநபராக ஓர் இந்தியர் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. நாட்டுக்காக ஆடும்போது அவருடைய தரவரிசையைத் தாண்டி ஓர் ஆவேசம் அவருக்கு வரும் என்பது டென்னிஸ் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆவேசம் ஒரே நாளில் வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டும் சக ஆட்டக்காரன் முன்னால் ஆடி ஆடித்தான் வரும்.

அணிப் பிரிவு எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு நாடுகள் மோதும்போது இரண்டு ஒற்றையர் ஆட்டம், ஓர் இரட்டையர் ஆட்டம். மூன்றில் இரண்டை ஜெயித்த நாடு அடுத்த சுற்றுக்குப் போகும். அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்ன ஏற்பாட்டுக்குள் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. உங்கள் பழைய கணக்கு வாத்தியாரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாட்டில் ஒரு பெரிய நட்சத்திர ஆட்டக்காரர் இருக்கிறார் என்று வையுங்கள். அவர் தன் ஒற்றையர் ஆட்டத்தை எப்போதும் ஜெயித்துவிடுவார். மீதியுள்ள இரண்டு ஆட்டத்தில் ஒன்றை ஜெயித்தால் போதும். இரண்டாவது ஒற்றையர் ஜெயிக்கும் வாய்ப்பு 20 சதவீதம், இரட்டையரில் வேறு இருவர் ஆடி ஜெயிக்கும் வாய்ப்பும் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் தோற்கும் வாய்ப்பு 0.8 பெருக்கல் 0.8, அதாவது 64 சதவீதம். ஆக, நிச்சயமாக ஜெயிக்கும் நட்சத்திரம் இருந்தும் அந்த நாடு ஜெயிக்கும் வாய்ப்பு 36 சதவீதம்தான். இப்போது மற்றவர்களைப் பயிற்சி கொடுத்து 20-லிருந்து 50-க்கு உயர்த்துங்கள். தோற்கும் வாய்ப்பு 25 சதவீதமாகக் குறைகிறது, ஜெயிக்கும் வாய்ப்பு 75 ஆகிறது. நட்சத்திரம் அதே நட்சத்திரம்தான். மாறியது மற்றவர்கள்.

ஒற்றையர் தங்கம் அந்த நாட்டில் ஒரு மேதை பிறந்தார் என்று சொல்லும். அணித் தங்கம் அந்த நாட்டில் டென்னிஸ் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லும். வகுப்பில் முதல் மதிப்பெண் ஒருவன் வாங்குவது வேறு, வகுப்பே தேர்ச்சி பெறுவது வேறு. ஓர் ஆசிரியருக்கு எது பெருமை என்று உங்களுக்கே தெரியும்.

அந்த ஸ்குவாஷ் ஆட்டத்துக்கு வருகிறேன். முதல் ஆட்டத்தில் மகேஷ் மங்காவ்ங்கர் தோற்றார். இரண்டாவதில் சௌரவ் கோஷல் ஜெயித்துச் சமன் செய்தார். மூன்றாவது ஆட்டம் நம் சென்னைப் பையன் அபய் சிங் கையில் வந்தது. எதிரில் நூர் ஜமான். இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு கேம். ஐந்தாவது கேமில் இரண்டு மேட்ச் பாயிண்ட்டில் தப்பித்து 12-10 என்று ஜெயித்தார். மூன்று பேரில் நட்சத்திரம் என்றால் கோஷல்தான். ஆனால் தங்கம் அபய் சிங் மட்டையிலிருந்து வந்தது. தோற்ற மங்காவ்ங்கருக்கும் அதே தங்கம். இதைத்தான் என் தங்கை பேரன் மூன்றாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதே கோஷல் 2014 இஞ்சியோனில் ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் மேட்ச் பாயிண்ட் வரை போய்விட்டுத் தோற்றார். மனுஷன் உடைந்திருப்பார். சில நாளில் அணிப் பிரிவில் மலேசியாவை வென்று தங்கம் வாங்கினார். தோற்றவனுக்கு அதே வாரத்தில் எழுந்து நிற்க இன்னொரு வாசல் இருந்தது. டென்னிஸில் அந்த வாசலைத்தான் மூடியிருக்கிறார்கள்.

டேபிள் டென்னிஸ் இன்னும் நல்ல உதாரணம். ஆசிய விளையாட்டில் அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு 2018 வரை ஒரு பதக்கம்கூடக் கிடையாது. ஜகார்த்தாவில் முதல் பதக்கம் எதில் வந்தது? ஆடவர் அணிப் பிரிவில். ஜப்பானைக் காலிறுதியில் வென்று வெண்கலம். அந்த அணியில் சரத் கமல், சத்தியன், அந்தோணி அமல்ராஜ் என்று மூன்று பேர் சென்னைக்காரர்கள். அணிப் பதக்கம் வந்த சில நாளில் கலப்பு இரட்டையரிலும் சரத் கமல், மணிகா பத்ரா ஜோடிக்கு வெண்கலம் கிடைத்தது. அணியாகப் போய்க் கதவைத் திறந்தார்கள், பின்னாலேயே ஜோடியாகவும் உள்ளே நுழைந்தார்கள்.

அதே ஜகார்த்தாவில் டென்னிஸில் நமக்கு என்ன இருந்தது? ரோகன் போபண்ணாவும் திவிஜ் சரணும் இரட்டையரில் தங்கம். சென்னைப் பையன் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் ஒற்றையரில் வெண்கலம். கூடவே ராம்குமார் ராமநாதன். தங்கம் வென்ற இரட்டையர் ஜோடியும் வெண்கலம் வென்ற ஒற்றையரும் ஒரே நாட்டுக்காரர்கள். அணிப் பிரிவு இருந்திருந்தால் பதக்கத்துக்கு நிச்சயம் போட்டி போட்டிருப்போம். ஆட இடமே இல்லாமல் போயிற்று.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். அணி டென்னிஸ் என்றால் உலகத்துக்கு டேவிஸ் கோப்பை. இந்தியாவின் டேவிஸ் கோப்பைக் கதையில் பாதி சென்னைக் கதை. 1966-ல் கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிராக 2-2 என்று நின்றபோது ராமநாதன் கிருஷ்ணன் தாமஸ் கோக்கிடம் செட்டில் 1-2, நான்காவது செட்டில் 2-5 என்று பின்தங்கியிருந்தார். அங்கிருந்து 7-5, 6-2 என்று ஜெயித்து இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனார். 21 வருஷம் கழித்து, 1987-ல் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அதே மாதிரி 2-2. இந்த முறை ஆடியது அவர் மகன் ரமேஷ். வாலி மாசூரை வென்று மறுபடி இறுதிக்குக் கொண்டுபோனார். அப்பாவும் மகனும் ஒரே வேலையைச் செய்தார்கள். நடுவில் 1974-ல் விஜய், ஆனந்த் சகோதரர்கள் இருந்த அணி இறுதிக்குப் போயும், நிறவெறி நாடான தென் ஆப்பிரிக்காவோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியது. ஓர் ஆட்டக்காரனின் வாழ்நாள் வாய்ப்பு அது. அணி என்றால் சில சமயம் அதையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்கு அந்த ஆட்டக்காரர்களே சாட்சி.

இப்போது எதிர்க்கருத்துகள். வகுப்பில் எப்போதும் சொல்வேனே, எதிர்ப்பக்கத்தையும் எழுதினால்தான் முழு மதிப்பெண் என்று.

முதலாவது, ஆட்டக்காரர்களுக்குச் சுமை. ஒரே ஆள் அணி, ஒற்றையர், இரட்டையர் என்று மூன்றிலும் ஆட வேண்டும். டென்னிஸ் வருஷம் முழுக்க நடக்கிற ஆட்டம், ஏற்கெனவே உடம்பு தாங்காமல் இருக்கிறார்கள். இது நியாயமான பேச்சு. ஆனால் 2010 குவாங்சோவில் என்ன நடந்தது? அணிப் பிரிவை முதலில் வைத்தார்கள். நம் சோம்தேவ் தேவ்வர்மன், இவரும் சென்னையில் ஆடி வளர்ந்தவர், அணியோடு சேர்ந்து வெண்கலம் வாங்கினார். பிறகு ஒற்றையரில் தங்கம், சனம் சிங்கோடு சேர்ந்து இரட்டையரில் தங்கம். அணி ஆட்டம் அவரைச் சோர்வடைய வைத்ததாகத் தெரியவில்லை, சூடேற்றியதாகத்தான் தெரிகிறது. ஆனாலும் எல்லோரும் சோம்தேவ் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுமை அதிகம் என்றால் அணிக்கு நான்கு பேரை அனுமதித்து, ஒரு மோதலில் ஒருவர் ஓர் ஆட்டம் மட்டுமே ஆடலாம் என்று விதி வைக்கலாமே.

இரண்டாவது, நட்சத்திரங்கள் வர மாட்டார்கள். உண்மைதான். குவாங்சோவுக்குப் பயஸும் வரவில்லை, பூபதியும் வரவில்லை, போபண்ணாவும் வரவில்லை. அதனால் என்ன ஆயிற்று? விஷ்ணு வர்தன் மாதிரி இளைஞர்களுக்கு இடம் கிடைத்தது. பெரியவர்கள் வராத வீட்டுக் கல்யாணத்தில்தான் சின்னவர்கள் பந்தி பரிமாறப் பழகுகிறார்கள்.

மூன்றாவது, டேவிஸ் கோப்பை இருக்கும்போது இது எதற்கு? டேவிஸ் கோப்பை டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு. ஆசிய விளையாட்டு ஊரே பார்ப்பது. இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் வெளியே பேசுவதில்லை. டென்னிஸில் உலகத் தரவரிசையில் முந்நூறு, நானூறில் இருக்கும் பையன் பெற்றோர் காசில்தான் ஊர் ஊராகப் போய் ஆடுகிறான். ஜெயிக்கும் பரிசுப்பணம் விமான டிக்கெட்டுக்கே பற்றாது. ஆசிய விளையாட்டில் ஒரு வெண்கலம் என்றால் அரசின் ஊக்கத்தொகை, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்று ஒரு பிடிமானம் கிடைக்கும். ஒற்றையரில் அந்தப் பையனுக்குப் பதக்கம் எட்டாது. அணியில் எட்டும். அந்தப் பிரிவை எடுத்ததால் நட்சத்திரங்களுக்கு நஷ்டமில்லை. இவனுக்குத்தான் நஷ்டம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் யார் யாரோடு ஜோடி சேர்வது என்று நம் ஆட்டக்காரர்களுக்குள் வந்த சண்டை எல்லோருக்கும் நினைவிருக்கும். யார் பக்கம் நியாயம் என்று இங்கே பஞ்சாயத்து வைக்கப் போவதில்லை. இரண்டு ஜோடிகளை அனுப்பினோம், இரண்டும் இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. அணிப் பிரிவு இருந்தால் இந்த மாதிரி மனஸ்தாபமே வராது என்று சொல்ல மாட்டேன். டேவிஸ் கோப்பை அணியிலும் பூசல் வந்திருக்கிறது. ஆனால் அணியில் ஆடும்போது, நான் தோற்றாலும் நீ ஜெயித்தால் எனக்கும் பதக்கம் என்ற நிலை வருகிறது. அடுத்தவன் நன்றாக ஆட வேண்டும் என்று சாமி கும்பிட வைக்கிற ஏற்பாடு உலகத்தில் அதிகம் இல்லை. இருக்கிற ஒன்றிரண்டையாவது காப்பாற்ற வேண்டாமா?

சரி, அந்தப் பழைய உறுத்தலுக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இடம் சில வருஷம் காலியாக இருந்தது. கணக்கு வாத்தியாரான என் தலையில் விளையாட்டுப் பொறுப்பையும் கட்டினார்கள். ஆண்டு விளையாட்டு விழாவில் இறகுப்பந்துக்கு ஒற்றையர், இரட்டையர் தவிர நான்கு இல்லங்களுக்கிடையே அணிப் போட்டியும் உண்டு. இதே மாதிரிதான், இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர். ஒரு வருஷம் மழை வந்து இரண்டு நாள் போயிற்று. தேதி இடித்தது. நான் பேனாவை எடுத்து அணிப் போட்டியை அடித்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. வேலை சுலபமாக முடிந்தது.

அடுத்த வருஷம் மழை இல்லை. ஆனாலும் நான் அதைச் சேர்க்கவில்லை. ஒரு வருஷம் மழைக்காக விட்டேன், அடுத்த வருஷம் என் சௌகரியத்துக்காக விட்டேன். உண்மை அதுதான்.

அதற்கு முன்பெல்லாம் சாயங்காலம் மைதானத்தில் இருபது பையன்களாவது மட்டையோடு நிற்பார்கள். ஒவ்வோர் இல்லத்துக்கும் இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள், ஒரு மாற்று ஆள் வேண்டுமே. எடுத்த பிறகு ஆறேழு பேர்தான் வந்தார்கள். எப்போதும் ஜெயிக்கிற அதே ஆறேழு பேர். மீதிப் பேர் எங்கே போனார்கள் என்று நான் கவனிக்கவே இல்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பழைய மாணவர் ஒருவர் பெண் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். பேச்சு எங்கெங்கோ போய் இறகுப்பந்துக்கு வந்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "சார், ஒன்பதாவது படிக்கும்போது எங்க ஹவுஸுக்காக ரெண்டாவது சிங்கிள்ஸ் ஆடி ஜெயிச்சேன் சார். ஒன்றுக்கு ஒன்று இருந்தப்ப நான்தான் கடைசி மேட்ச். ஸ்கூல்ல நான் ஜெயிச்சது அது ஒண்ணுதான். பசங்க என்னைத் தூக்கிட்டுப் போனாங்க. அடுத்த வருஷமும் ஆடலாம்னு லீவு முழுக்க பிராக்டிஸ் பண்ணினேன். நீங்க அதை எடுத்துட்டீங்க."

எனக்கு அந்த ஆட்டமே நினைவில்லை. அவருக்கு முப்பது வருஷம் கழித்தும் நினைவிருக்கிறது. அவர் தனி ஒற்றையரில் முதல் சுற்றிலேயே தோற்கிற பையன். அவரைத் தோளில் தூக்கிப்போக ஓர் அணிப் போட்டியால்தான் முடிந்தது. அதைத்தான் நான் பேனாவால் அடித்தேன்.

ஆசிய விளையாட்டை நடத்துகிறவர்களும் என்னைப் போலவே ஏதோ ஒரு நெருக்கடியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். பெரிய குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மழை நின்ற பிறகும் அந்தக் கோட்டை அழிக்காமல் இருப்பதுதான் தப்பு. டேவிஸ் கோப்பையே 2019-லிருந்து இறுதிக் கட்டத்தை இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர் என்று சுருக்கிக்கொண்டது. ஆசிய விளையாட்டில் நாம் கைவிட்ட அதே வடிவத்துக்கு உலகமே வந்து சேர்ந்திருக்கிறது. இப்போது அதைத் திரும்பக் கொண்டுவருவது கடினமும் இல்லை, புதுமையும் இல்லை. இந்திய டென்னிஸ் சங்கமும் ஒலிம்பிக் சங்கமும் ஆசிய கவுன்சிலிடம் கேட்க வேண்டும். கஜகஸ்தான், தென் கொரியா, ஜப்பான், தைவான் எல்லோருக்கும் இதில் ஆதாயம் உண்டு. கேட்பதற்கு ஆள் சேரும்.

உங்களில் பலர் இன்று தலைமையாசிரியர்களாக, உடற்கல்வி ஆசிரியர்களாக, குடியிருப்புச் சங்கச் செயலாளர்களாக இருக்கிறீர்கள். ஆசிய விளையாட்டை உங்களால் மாற்ற முடியாது. உங்கள் பள்ளி, உங்கள் தெரு விளையாட்டு விழா அட்டவணையை மாற்ற முடியும். நேரம் போதவில்லை என்று எதையாவது எடுக்க வேண்டி வந்தால் அணிப் போட்டியைக் கடைசியாக எடுங்கள். எடுத்தாலும் அடுத்த வருஷம் மறக்காமல் திரும்பச் சேருங்கள்.

பத்திரிகை வைக்க வந்த தம்பிக்கு ஒரு வார்த்தை. நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்றைக்கு நீ சிரித்தாய், நானும் கூடச் சிரித்துவிட்டேன். சொல்ல வேண்டியதை அப்போது சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான், தம்பி.

மற்றவர்கள் உங்கள் பள்ளி அணி அனுபவங்களைக் கீழே எழுதுங்கள். ஜெயித்தவர்களை விட இரண்டாவது, மூன்றாவது ஆட்டக்காரர்களாக இருந்தவர்கள் அவசியம் எழுதுங்கள். ஒன்று விடாமல் படிப்பேன்.

அனைவரும் நலமாக இருங்கள்.